கிணற்றுச் சண்டையைப் படமெடுத்தபோது

1

சென்ற வாரம் ஒரு மாலை, என் மகள் பவளம் பக்கத்து வீட்டுச் சீனச் சிறுமியிடம் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை மலாய். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் வாசலில் நின்று காது கொடுத்தேன்.

"எங்கள் ஊரில் எல்லாமே கறுப்பு வெள்ளைதான்" என்றாள். "மாடு, மரம், எங்கள் பெரியப்பா, எல்லாமே. அங்கே யாருக்கும் சத்தம் வராது. வாய் மட்டும் அசையும்."

என் அண்ணன் வீரணனின் குரலைக் கேட்டவர்கள் யாராவது வாடிப்பட்டிப் பக்கத்தில் இதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் கிணற்றில் நீர் இறைக்கும் கமலையை ஓட்டும்போது மாட்டை அதட்டினால், நாலு வயல் தள்ளி நிற்கிற கொக்கு எழுந்து பறக்கும். ஆனாலும் பவளத்தைக் குறை சொல்ல வழியில்லை. அவள் பினாங்கில் பிறந்து பினாங்கிலேயே வளர்கிறவள். சொந்த ஊரை அவள் பார்த்ததெல்லாம் நான் எடுத்த ஒரு சின்னப் படத்தில்தான். அதில் நிறமும் கிடையாது, குரலும் கிடையாது.

அந்தப் படம் எடுத்து இந்த மாதத்தோடு ஒரு வருஷமாகிறது. அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். கொட்டகையில் ஒரு சுருளை மாற்றிப் போட இருந்தேன், அம்புட்டு நினைப்பு. அதை உங்களுக்கு எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

2

நான் இங்கே ஒரு சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுகிறவன். ரப்பர் தோட்டத்துக்கென்று கப்பலேறி வந்து, ஒரு சீனத் தவுக்கேயின் கொட்டகையில் பெட்டி தூக்கப் போய், அப்படியே இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். தவுக்கே என்றால் இங்கே முதலாளி. பேசும்படம் வருவதற்கு முன்னால் திரைக்குக் கீழே ஒரு ரஷ்யப் பெண் பியானோ வாசிப்பார். பெயர் வேரா. என் வயதுதான். தன் நாட்டில் புரட்சி வந்தபோது ஊர் ஊராகத் தப்பித்துக் கடைசியில் பினாங்கில் கரை ஒதுங்கியவர். பேசும்படம் வந்ததும் அவர் வேலை போயிற்று. இப்போது பணக்காரப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் பழக்கம் விடவில்லை. மத்தியான ஓய்வில் வந்து, என் இயந்திர அறையில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பார். அரைகுறை இங்கிலீஷிலும் அரைகுறை மலாயிலும் நாங்கள் பேசிக்கொள்வோம்.

அவர் இலக்கியம் படித்தவர். அவர் மாணவியாக இருந்த நகரத்தில் சில வாலிபர்கள், கடிகாரத்தைக் கழற்றிப் பார்ப்பதுபோலக் கதைகளைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எந்தச் சக்கரம் எதைச் சுற்றுகிறது என்று. அதை அவர் எனக்குச் சொன்ன விதம் மறக்கவே மறக்காது. ஒருநாள் மௌனப் படத்தில் ஒரு சாவு ஊர்வலம் ஓடிக்கொண்டிருந்தது. வேரா மேலே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, ஒரு கூத்துப் பாட்டை வாசித்தார். கொட்டகையே கெக்கலி கொட்டிச் சிரித்தது. அதே படம், அதே பிணம்.

"பார்த்தாயா?" என்றார் பிறகு. "படத்தில் இருப்பது பாதி. பக்கத்தில் எதை வைக்கிறாய் என்பது மீதி. ஒரு முகத்தைக் காட்டு. அடுத்து ஒரு தட்டுச் சோற்றைக் காட்டு. அவனுக்குப் பசி என்பார்கள். அதே முகத்துக்குப் பிறகு ஒரு தொட்டிலைக் காட்டு. அவனுக்குப் பாசம் என்பார்கள்."

இன்னொன்றும் சொன்னார். நடந்த வரிசை வேறு, சொல்லும் வரிசை வேறு. நடந்ததை நம்மால் மாற்ற முடியாது. சொல்லும் வரிசை நம் கையில் இருக்கிறது. ஒன்றுக்குப் பிறகு இன்னொன்று நடந்தது என்பது வெறும் செய்தி. ஒன்றினால் இன்னொன்று நடந்தது என்றால்தான் கதை.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அத்தனை வருஷமாக நான் படம் ஓட்டியிருக்கிறேன். உள்ளே எலும்பு இருக்கிறது என்று தெரியாமலே மாட்டை மேய்த்தவன் மாதிரி. நானே ஒரு படம் எடுக்கவேண்டும் என்ற பைத்தியம் அன்று பிடித்தது.

தவுக்கே பொழுதுபோக்குக்காகச் சின்னப் படம் எடுக்கும் பெட்டி ஒன்றையும் அதை ஓட்டும் இயந்திரத்தையும் வாங்கி, அலுத்துப்போய் அலமாரியில் வைத்திருந்தார். நான் லீவில் ஊருக்குப் போகிறேன், கொடுங்கள் என்று கேட்டேன். "உன் ஊரில் என்ன இருக்கிறது படமெடுக்க?" என்றார். "ஒரு சண்டை இருக்கிறது" என்றேன். கொடுத்துவிட்டார்.

3

நாகப்பட்டினத்துச் சுங்க அதிகாரிக்கு அந்தப் பெட்டி பிடிக்கவில்லை. படச்சுருள் டப்பாவைத் திறந்து காட்டு என்றார். வெளிச்சம் பட்டால் வீணாகிவிடும் என்றேன். வெளிச்சம் படாமல் உள்ளே என்ன இருக்கிறதென்று எப்படிப் பார்ப்பது என்றார். நியாயமான கேள்விதான். அரசியல் கூட்டம், ஊர்வலம் இதெல்லாம் எடுக்கப்போகிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். என்ன படம், கதையைச் சொல் என்றார். எனக்குப் பின்னால் கப்பலில் வந்த சனமெல்லாம் வெயிலில் நிற்கிறது. நான் கதை சொன்னேன்.

என் அண்ணன் வீரணன். அவர் மனைவி, என் மதினி, செல்லம்மா. மதினியின் தம்பி சோணைமுத்து, எனக்கு மாப்ள முறை, சிறு வயதுத் தோழன். எங்கள் அப்பாவும் மதினியின் அப்பாவும் சேர்ந்து ஒரு கிணறு வெட்டினார்கள். ஆளுக்கு ஒருநாள் தண்ணீர். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு கோடை. சோணைமுத்து சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போனான். அழகரோடு வண்டியூர் வரைக்கும் போய், சொன்னபடி திரும்பாமல் தங்கிவிட்டான். அவன் முறை நாளில் கிணறு சும்மா கிடந்தது. அண்ணனின் நாற்று கருகிக்கொண்டிருந்தது. அவர் அந்தத் தண்ணீரையும் இறைத்துக்கொண்டார். கிணறு வற்றி அடிகண்டுவிட்டது. சோணைமுத்து வந்து பார்த்தால், அவன் வெற்றிலைக் கொடிக்கால் துவண்டு கிடக்கிறது. வெற்றிலைக்குத் தண்ணீர் ஒரு வேளை தவறினாலும் பொறுக்காது. வாய்ச்சண்டை முற்றியது. அண்ணன் கோபத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். "உங்க அக்காவையும் சேத்துக் கூட்டிட்டுப் போடா" என்றார். சோணைமுத்து, "என் வீட்டு வாசல்ல உங்க நெழல் விழக்கூடாது" என்றான். அதோடு பேச்சு நின்றது. மதினி தாய்வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று அண்ணனும் சொல்லிவிட்டார்.

அதிகாரி பேனாவைக் கையில் வைத்தபடியே, "அப்புறம்?" என்றார்.

"அம்புட்டுத்தான்யா. இன்னும் பேசல."

"அப்படின்னா கதை முடியலையே."

"ஆமாங்கய்யா" என்றேன். எனக்கே அப்போதுதான் உறைத்தது. கடல் தாண்டி ஒரு முடிவில்லாத கதையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் முத்திரையைக் குத்தி, "முடிஞ்சா அவங்களச் சேத்து வைச்சுக் கதைய முடிச்சுடு" என்று சொல்லி அனுப்பினார்.

4

அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லப் பயந்துகொண்டே இருந்தேன். சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எடுரா. யாரு மேல தப்புன்னு ஊரே பாக்கட்டும். அவன் திருவிழாவுக்குப் போனதுலருந்து ஆரம்பி."

சோணைமுத்துவிடம் போனேன். அவனும் ஒத்துக்கொண்டான். "தாராளமா எடு மாப்ள. ஊரே பாக்கட்டும். கொடிக்கா வாடிக் கெடந்துச்சுல்ல, அதுலருந்து ஆரம்பி."

திரும்பி வரப்பில் நடந்து வரும்போது எனக்குச் சட்டென்று உறைத்தது. வேரா சொன்னது இதுதானே. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே சம்பவங்களைத்தான் சொல்கிறார்கள். திருவிழாவில் தொடங்கினால் சோணைமுத்து மேல் தப்பு. கொடிக்காலில் தொடங்கினால் அண்ணன் மேல் தப்பு. கதையை எங்கே தொடங்குகிறோமோ அங்கேயே தீர்ப்பும் முடிந்துவிடுகிறது. பினாங்கில் புகைமூட்டமான இயந்திர அறையில் கேட்ட பாடம், வாடிப்பட்டி வரப்பில் சேறும் சகதியுமாக என் முன்னால் நின்றது.

அப்படியானால் நான் எங்கே தொடங்குவது? அடுப்படியில் உட்கார்ந்து இதை மதினியிடம் புலம்பினேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் தண்ணிக்குச் சண்டை போட்டாக" என்றார். "பொறந்த வீட்டுக்குப் போக முடியாம நின்னது யாரு தம்பி? அங்கிட்டு எம் தம்பிக்குக் கொழந்த பொறந்திருக்கு. அழுகுற சத்தம் இங்கிட்டுக் கேக்குது. இன்னும் மொகத்தப் பாக்கல. என்னிலருந்து ஆரம்பிங்க."

அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் முதல் காட்சி எடுத்தேன். கிணற்று மேட்டில் மதினி கஞ்சிக் கலயத்தோடு நிற்கிறார். ஒரு பக்கம் புருஷன் வயல், மறுபக்கம் தம்பியின் கொடிக்கால். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறார். பார்க்கிறவனுக்கு ஒன்றும் புரியாது. ஏன் இந்தப் பெண் நகராமல் நிற்கிறாள் என்று கேட்பான். கேட்கட்டும். கேட்டால்தான் மேலே பார்ப்பான்.

மற்றக் காட்சிகளுக்குத் தொல்லை வேறு மாதிரி வந்தது. இரண்டு பேரும் ஒரே நிபந்தனை போட்டார்கள். மற்றவன் இருக்கும் இடத்தில் கால் வைக்கமாட்டேன், ஒரே படத்தில் நிற்கமாட்டேன். சண்டைக் காட்சியை எப்படி எடுப்பது? எனக்கோ உற்சாகம் தலைக்கேறியிருந்தது. திங்கட்கிழமை அண்ணனைப் புளியமரத்துக்கு எதிரே நிறுத்தினேன். "மரத்தை அவன்னு நெனச்சுக்கங்கண்ணே" என்றேன். அவர் மரத்தைத் திட்டிய திட்டில் வழியோடு போனவர்கள் நின்றுவிட்டார்கள். புதன்கிழமை சோணைமுத்துவை வைக்கோற்போருக்கு எதிரே நிறுத்தினேன். அவன் வைக்கோற்போரிடம் நியாயம் கேட்டு முடித்தபோது அவனுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. அண்ணன் வலப்பக்கம் பார்த்துக் கத்தினார், சோணைமுத்து இடப்பக்கம் பார்த்துக் கத்தினான். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் நேருக்கு நேர் நிற்பதுபோல் இருக்கும். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒவ்வொரு காட்சி முடிந்ததும் எனக்கு வாயில் "சுடா" என்று வந்துவிடும். மலாயில் முடிந்தது என்று அர்த்தம். பதினைந்து வருஷப் பழக்கம். முதல் இரண்டு நாளும் நான் சுடா என்றதும், சூடாக ஏதோ கேட்கிறேன் என்று மதினி வீட்டுக்கு ஓடிப்போய், கொதிக்கக் கொதிக்கக் கருப்பட்டிக் காப்பியோடு வந்தார். மூன்றாம் நாள் அண்ணன் கேட்டார். "ஏன்டா, மலேயாவுல இம்புட்டுக் காப்பியா குடிக்கிறீக?"

சித்திரை வர நாளிருந்தது; கிடைத்த கூட்டத்தை வைத்தே திருவிழாக் காட்சி எடுக்கச் சோணைமுத்துவோடு வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் போனேன். பெட்டியைத் தோளில் வைத்ததும் படித்துறையிலிருந்த அத்தனை பேரும் பெட்டியையே பார்த்து நின்றார்கள், போட்டோவுக்கு நிற்பதுபோல. ஒருவரும் அசையவில்லை. சோணைமுத்துதான் வழி கண்டுபிடித்தான். படப்பெட்டியை வைத்துத் தூக்கி வந்த காலிக் கூட்டை ஒரு துணியால் மூடிக் குளத்தின் மறுகோடியில் வைத்துவிட்டு, "அங்கிட்டுதான் எடுக்காக" என்று இரண்டு பேரிடம் சொன்னான். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பிய கூட்டத்துக்குள் அவன் அழகரைத் தேடுகிறவன்போல எட்டி எட்டிப் பார்த்து நடந்தான். நான் எடுத்தேன். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்ன வயதில் நாங்கள் ஓடைக்குள் குதித்து விளையாடியபோது இருந்த முகம் அது.

5

ஊரிலிருந்து திரும்பியபின், இங்கே பினாங்கில் எங்கள் சங்கத்து மண்டபத்தில் அந்தப் படத்தை ஓட்டியபோது ஒரு வேடிக்கை நடந்தது. தோட்டத்திலிருந்து லாரியில் வந்திருந்தார்கள். படம் முடிந்ததும் யார் பக்கம் நியாயம் என்று மண்டபம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒருவர் எழுந்து நின்று, நாற்றா வெற்றிலையா என்றால் சோறு போடுவது நாற்றுதான் என்றார். இன்னொருவர், முறைத் தண்ணீர் என்றால் முறைத் தண்ணீர்தான் என்றார். கடல் கடந்து எத்தனையோ வருஷம் ஆனவர்கள், அன்றைக்கு ஒரு கிணற்றுத் தண்ணீருக்காக மறுபடி அடித்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சரிபாதியாகப் பிரிந்ததால் என் தொடக்கம் சரி என்று தெரிந்தது.

பவளமும் அன்று முன்வரிசையில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "அப்பா, அந்தக் கிணத்துல மீன் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது, அடுத்த தடவை கூட்டிப் போகிறேன் என்றேன். "படத்துலயே பாத்தாச்சு, சுடா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அவளுக்கு அது முடிந்துபோன விஷயம். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

6

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். எனக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. மதினி, அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்குப் போகும் வரப்பில் நடந்து வேலிவரை போகவேண்டும். வேலியில் நின்று, திரும்பி வந்துவிடவேண்டும். சோகமான முடிவு, ஆனால் உண்மையான முடிவு என்று நினைத்தேன். அண்ணன் அன்று ஆலையடிக்குப் போயிருந்தார். கரும்புப் பாலைக் காய்ச்சி வெல்லம் எடுக்கும் நாட்கள்.

"வேலிப் படல்கிட்ட நின்னுடணும் மதினி" என்றேன்.

"சரி தம்பி" என்றார்.

பெட்டிக்குச் சாவி கொடுத்து முடுக்கிவிட்டுப் பின்னாலிருந்து எடுத்தேன். மதினி நடந்தார். முதலில் மெதுவாக. பாதி வரப்பில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். நடை வேகமாயிற்று. வேலி வந்தது. படலைத் தள்ளினார். உள்ளே போனார்.

நான் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. பெட்டி மட்டும் என் கையில் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் முற்றத்தைக் கடந்தார். வாசலில் குனிந்தார். வீட்டுக்குள் மறைந்தார். அந்த நேரம் பார்த்துப் பெட்டியின் முடுக்கு தீர்ந்து நின்றுவிட்டது.

அவசரமாக மறுபடி முடுக்கினேன். உள்ளே யாரோ அழுதார்கள், யாரோ பேசினார்கள், அப்புறம் குழந்தையின் சத்தம். நான் படல் வரைக்கும் ஓடிப்போய்ப் பெட்டியைக் கண்ணில் வைத்த அதே நேரம், மதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வெளிச்சத்தில் அதன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் சோணைமுத்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கடைசியில் சிரித்தான். அது நடிப்பு இல்லை.

திரும்பி வரும்போது நான் கேட்டேன். "மதினி, இதை அண்ணே பாத்தா என்ன ஆகும்? வெட்டி எடுத்துரவா?"

"எதுக்கு? ஒளிச்சுப் பண்ண காரியமா இது?" என்றார். "போடுங்க. நானே சொன்னா அவுக காதுல ஏறாது. கண்ணால பாக்கட்டும்."

சுருள்களைப் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வாங்கவேண்டும். மதுரைத் தபாலாபீசில் பார்சல் குமாஸ்தா, உள்ளே என்ன என்று கேட்டார். சினிமா என்றேன். தீப்பிடிக்குமா என்றார். இது பிடிக்காது என்றேன். சினிமா என்றால் பிடிக்கும் என்று சட்டம் இருக்கிறதே என்றார். அரைநாள் போயிற்று. பார்சல் போய் வரும்வரைக்கும் எனக்குத் தூக்கமில்லை. மதினி மட்டும் எப்போதும்போலச் சமைத்தார், தண்ணீர் எடுத்தார், அண்ணனுக்குச் சோறு போட்டார். அவர் முகத்திலிருந்து யாரும் ஒன்றும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பார்சல் வந்தது. வாடிப்பட்டியில் ஒரு அரிசி மில். எண்ணெய் என்ஜினும் டைனமோவும் வைத்து மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மில்காரர் ஒரு அறையும் கொடுத்து, கூடவே உட்கார்ந்தும் கொண்டார். பிளேடால் வெட்டினேன், பசையால் ஒட்டினேன். புளியமரத்து அண்ணனும் வைக்கோற்போர் சோணைமுத்துவும் நேருக்கு நேர் மோதியதைப் பார்த்து மில்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ரெண்டு பேரும் ஒண்ணா நின்னாகளா? எப்பய்யா?"

மிச்சத் துண்டுகளுக்குள் ஒன்று கிடந்தது. ஆலையடியில் புகை அழகாக இருக்கிறதென்று சும்மா எடுத்தது. அண்ணன் அடுப்பின் பக்கத்தில் நிற்கிறார். புகை திரும்பி அவர் முகத்தில் அடிக்கிறது. கண்ணில் நீர் கொட்டுகிறது. அவர் துடைத்துக்கொள்ளாமல் எதையோ பார்த்தபடி நிற்கிறார். புகை ஓரமாகத்தான் தெரிகிறது. நான் அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மதினி வீட்டுக்குள் நுழையும் துண்டுக்கும், குழந்தையோடு வெளியே வரும் துண்டுக்கும் நடுவில் அதை வைத்து ஒட்டினேன். ஓட்டிப் பார்த்தோம்.

மில்காரர் மெதுவாகச் சொன்னார். "அட, வீரணண்ணே அழுகுறாரு."

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மில்லில் நெல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் கதவு ஜன்னலெல்லாம் சாக்குப் படுதா கட்டி இருட்டாக்கினோம். வேட்டிதான் திரை. ஊர் திரண்டு வந்திருந்தது. மதுரையில் பேசும்படம் பார்த்தவர்கள், "இது பேசாதாமுல்ல" என்று குறைபட்டார்கள். அண்ணன் என் இயந்திரத்துக்கு முன்னால் ஒட்டினாற்போல் நெல் மூட்டை மேல் உட்கார்ந்தார். யார் மேல் தப்பென்று ஊர் சொல்வதைக் கேட்க, நிபந்தனையை விட்டுவிட்டுச் சோணைமுத்துவும் வந்து எதிர்ச்சுவரோரம் நின்றான். மதினி பெண்கள் கூட்டத்தில்.

மதினி கிணற்று மேட்டில் நிற்பது வந்தது. "ஏன் நிக்கிறா?" என்று யாரோ கேட்டார்கள். திருவிழா வந்தது, நாற்று வந்தது, கொடிக்கால் வந்தது. சண்டை வந்தபோது கிட்டங்கியே ஆரவாரித்தது. அண்ணன் என் பக்கம் திரும்பி, "நான் மரத்தையில்ல திட்டுனேன்" என்றார், திகைத்துப்போய். 

பிறகு வரப்பு வந்தது. மதினி நடக்கிறார். அண்ணன் முன்னால் சாய்ந்தார். வேலி. படலைத் தள்ளுகிறார். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அவர் தலையின் நிழல் திரையில் பெரிதாக விழுந்தது. அந்த நிழலுக்கு மேலே அவர் முகமே வந்தது, கண்ணில் நீர் வழிய. அடுத்து குழந்தையோடு மதினி. பின்னால் சோணைமுத்துவின் சிரிப்பு. படம் முடிந்து வெறும் வெளிச்சம் வேட்டியில் அடித்தது. எனக்கு இயந்திரத்தை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

"மச்சான்" என்றான் சோணைமுத்து.

ஏழு வருஷத்தில் முதல் வார்த்தை.

"அழுதீகளா?"

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பொகை மாப்ள. ஆலைப் பொகை" என்றார். மாப்ள என்று சொல்லிவிட்டதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. மற்ற எல்லோரும் கவனித்தார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து மதினியின் குரல் வந்தது. "அது பொகையா இருந்தா இருக்கட்டும். நான் போனது நெசம்."

"எப்பப் போன?"

"தம்பி படம் எடுக்கையில."

"எங்கிட்டச் சொல்லல."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீகளா?"

அண்ணன் மறுபடி மூட்டை மேல் உட்கார்ந்தார். என் கையைத் தட்டி, "திருப்பி ஓட்டு" என்றார்.

"முதல்லருந்தாண்ணே?"

"இல்ல. அவ உள்ள போறாள்ல, அதை."

சுருளைப் பின்னால் சுற்றி ஓட்டினேன். மறுபடி என்றார். மறுபடி ஓட்டினேன். மூன்றாம் தடவை மதினி படலைத் தள்ளியபோது, "எம்புட்டு வேகமாப் போறா பாரு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அப்போது அவர் கண்ணில் இருந்தது என்ன என்று நான் கேட்கவில்லை. கிட்டங்கியில் புகை இல்லை.

சாமான்களை மில் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினோம். வெயில் தணிந்துவிட்டிருந்தது. மதினி முன்னால் போனார். அண்ணன் அவருக்குப் பின்னால். சோணைமுத்து கொஞ்சம் தள்ளி. வண்டியும் நானும் கடைசியில்.

"ஆனா ஒண்ணு" என்றார் அண்ணன், முன்னால் பார்த்தபடியே. "நீ திருவிழாவுக்குப் போனதை அவன் சரியாக் காட்டல. மூணு நாள் போனத ஒரு நிமிஷத்துல காட்டிட்டான்."

"கொடிக்கா வாடுனதையும்தான் சரியாக் காட்டல மச்சான். ஒரு மூலையத்தான் காட்டுனான். அம்புட்டும்ல வாடுச்சு."

"நாத்து கருகுனதக் காட்டுனானா? பச்சையா இருந்த நாத்தயில்ல காட்டிருக்கான்."

"அது எங்கிட்டக் கேட்டா?"

"பெறகு யாருகிட்டக் கேக்க?"

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. சோணைமுத்து நெருங்கி வந்து அவருக்குப் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தான். கையை நீட்டி நீட்டிப் பேசினார்கள். வயலிலிருந்த கொக்குகள் எழுந்தன.

வண்டிக்காரர் என் பக்கம் குனிந்து, "அண்ணே, இவுக ரெண்டு பேரும் பேசிக்கிட்டுப் போறாகளே" என்றார்.

வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. வலது பக்கம் எங்கள் வீடு. இடது பக்கம் சோணைமுத்துவின் வீடு. முன்னால் போன மதினி நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. இடது பக்கம் திரும்பி வண்டித்தடத்தில் இறங்கினார். அண்ணன் நாற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அவர் பின்னால் இறங்கினார். சோணைமுத்து வெற்றிலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே அவருக்குப் பின்னால் இறங்கினான்.

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். வண்டியையும் அந்தப் பக்கமே திருப்பச் சொன்னேன்.